சமையலறை ஹெட்போனும் மிட்டாய் டப்பா ஆம்ப்ளிபையரும்

ஒரு ஹெட்போனை ஒலிக்க வைக்க எவ்வளவு மின்திறன் வேண்டும்? பத்து வாட்டா? ஒரு வாட்டா? பெரும்பாலான ஹெட்போன்களுக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிவாட் போதும். அந்தத் துளி மின்சாரத்திலேயே ஒலி 100 டெசிபலை நெருங்கிவிடும். அப்படியானால் ஹெட்போனுக்கென்று தனியாக ஓர் ஆம்ப்ளிபையர் எதற்கு? இந்தக் கேள்விக்கான பதில் நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது.

ஆம்ப்ளிபையர் இல்லாத காலம்

1910-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்துகொண்டிருந்தார். அவற்றை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பி வைத்தார். சோதித்துப் பார்த்த கடற்படை, தான் பயன்படுத்தி வந்தவற்றை விட இவை நன்றாகக் கேட்பதை உணர்ந்து ஆர்டர் கொடுத்தது. தொழிற்சாலை எதுவும் இல்லாததால் பால்ட்வினால் சிறிது சிறிதாகத்தான் செய்து அனுப்ப முடிந்தது!

அன்றைய கிரிஸ்டல் ரேடியோவில் பேட்டரி கிடையாது. ஏரியலில் சிக்கும் சிறு மின்னோட்டம்தான் நேராகக் காதுக்கு வரும். எனவே ஹெட்போனே மிக நுட்பமானதாக இருக்க வேண்டியிருந்தது. லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் உருவாக்கிய வால்வு, சில ஆண்டுகளில் சிக்னலைப் பெருக்கும் கருவியாக வளர்ந்தது. 1920-களில் ஒலிபெருக்கிகள் வீட்டுக்குள் வந்தன. ஹெட்போன் ஓரம் கட்டப்பட்டது.

ஒரு துளையும் ஒரு ரெசிஸ்டரும்

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937-ல் டி.டி. 48 என்ற டைனமிக் ஹெட்போனைக் கொண்டு வந்தது. 1958-ல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்த, இசைக்காகவே ஹெட்போன் வாங்கும் வழக்கம் பிறந்தது. ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர்களின் முகப்பில் ஹெட்போனுக்கென ஒரு துளை வந்தது.

ஆனால் பல கருவிகளில் அந்தத் துளைக்குப் பின்னால் தனி ஆம்ப்ளிபையர் எதுவும் இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தையே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து அனுப்பினார்கள். 1968-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414 போன்ற ஹெட்போன்களுக்கு அது பிரச்சினையே இல்லை. அதன் மின்மறுப்பு 2000 ஓம். வழியில் நூறு ஓம் இருந்தால் என்ன?

1979-ல் சோனி வாக்மேன் வந்ததும் கதை மாறியது. சிறிய பேட்டரிகளில் ஓடும் கருவிக்கு ஏற்றபடி ஹெட்போன்களின் மின்மறுப்பும் 32 ஓம் போன்ற அளவுக்கு இறங்கியது. இத்தகைய ஹெட்போனைப் பெரிய ரெசிஸ்டர் உள்ள பழைய துளையில் செருகினால், ஹெட்போனின் மின்மறுப்பு கூடும் அதிர்வெண்களில் மட்டும் ஒலி தூக்கலாகிவிடும். பல ஹெட்போன்களில் அது பேஸ் பகுதி. "இந்த ஆம்ப்ளிபையரில் பேஸ் அருமை" என்று சிலர் பாராட்டியது இந்தக் கோளாறைத்தான்!

மிட்டாய் டப்பாவுக்குள் புரட்சி

1990-களின் இறுதியில் சூ மோய் என்பவர் இணையத்தில் ஓர் எளிய சர்க்யூட்டை வெளியிட்டார். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஓர் ஆப்-ஆம்ப் ஐ.சி., சில ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள். அவ்வளவுதான். மாணவர்கள் இதை சால்டரிங் செய்து, ஆல்டாய்ட்ஸ் என்ற பெப்பர்மின்ட் மிட்டாயின் தகர டப்பாவுக்குள் அடைத்தார்கள். 'சீமோய்' என்ற பெயரோடு அது உலகம் சுற்றியது. எத்தனையோ பேருக்கு எலக்ட்ரானிக்ஸில் முதல் பாடமே இந்த டப்பாதான்.

இன்னொரு பக்கம் விலைகள் வானத்தைத் தொட்டன. சென்ஹைசர் 1991-ல் வெளியிட்ட ஆர்ஃபியஸ், வால்வு ஆம்ப்ளிபையரோடு சேர்ந்து வந்த ஒரு ஹெட்போன். சுமார் 300 மட்டுமே தயாரானது. விலை அதிகமென்றால் ஒலியும் மேல் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

2011-ல் அந்த நம்பிக்கையை உரசிப் பார்த்தார் ஒருவர். அவர் யார் என்பது யாருக்கும் தெரியாது, 'என்.டபிள்யூ.ஏ.வி.கை' என்ற புனைபெயர் மட்டுமே தெரியும். 'ஓ2' என்ற ஆம்ப்ளிபையரை வடிவமைத்து, அளவீடுகளோடு இலவசமாக வெளியிட்டார். வடிவமைப்பை மாற்றாமல் யாரும் தயாரித்து விற்கலாம் என்றும் அனுமதித்தார். பல மடங்கு விலையுள்ள கருவிகளோடு அது அளவீட்டில் போட்டியிட்டது. 2012-ல் அவர் எழுதுவது நின்றுபோனது. யார் என்பது தெரியாமலேயே போய்விட்டது.

தேர்வு செய்வது எப்படி?

இந்த வரலாறு சொல்லும் விதிகள் எளியவை. ஆம்ப்ளிபையரின் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்கு மேல் வேண்டாம். அடுத்து வோல்டேஜ். 1 மில்லிவாட் கிடைக்க 32 ஓம் ஹெட்போனுக்கு சுமார் 0.18 வோல்ட் போதும். 300 ஓமுக்கு 0.55 வோல்ட் வேண்டும். உங்கள் போனிலேயே சத்தம் போதுமானதாகவும் தெளிவாகவும் இருந்தால் தனி ஆம்ப்ளிபையர் தேவையில்லை. மின்மறுப்பு அதிகமான ஹெட்போன், அல்லது உணர்திறன் குறைந்த பிளேனார் வகை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது உண்மையான உதவி.

காதுக்கு உதிரி பாகம் இல்லை

ஆம்ப்ளிபையர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகலாம், காது தாங்காது. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பிரான்ஸ் இதை முன்னதாகவே உணர்ந்து, கையடக்க இசைக் கருவிகளுக்கு 100 டெசிபல் வரம்பை 1996-ல் சட்டமாக்கியது. 2002-ல் அங்கே ஐபாட் விற்பனை இதே காரணத்தால் தடைப்பட, ஆப்பிள் மென்பொருளை மாற்றி ஒலியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி நேரம். 89-ல் 5 மணி நேரம். 101-ல் வாரத்துக்கே 20 நிமிடம்கூட இல்லை! ஆனால் 101 டெசிபலுக்குத் தேவைப்படுவதோ ஓரிரு மில்லிவாட்தான்.

ஆகவே ஆம்ப்ளிபையரை ஆன் செய்த பிறகு ஹெட்போனைச் செருகுங்கள்; ஆன் செய்யும்போது வரும் 'டப்' என்ற அதிர்ச்சி ஹெட்போனுக்கும் காதுக்கும் ஆகாது. செருகும் முன் வால்யூமை அடியில் வையுங்கள். கெயின் சுவிட்ச் இருந்தால் குறைந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். வால்வு ஆம்ப்ளிபையரின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே உயிரைப் பறிக்கும் வோல்டேஜ், சுவிட்சை அணைத்த பிறகும் தங்கியிருக்கும். காதில் 'கொய்ங்' என்ற இரைச்சல் கேட்டால், அன்றைக்கு இசை போதும்.

பால்ட்வினின் காலத்தில் கேட்பதற்குப் போதுமான ஒலியை உண்டாக்குவதே சவாலாக இருந்தது. இன்று எங்கே நிறுத்துவது என்பதுதான் சவால். அந்த முடிவை எந்த ஐ.சி.யும் எடுக்காது, வால்யூம் குமிழைத் திருப்பும் விரல்தான் எடுக்க வேண்டும்.