வெள்ளிக்கிழமைச் சொத்தும் திங்கட்கிழமைச் சொத்தும்

இறந்தவர் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 11, 12, 176 ஆகிய வசனங்களில் வகுத்துவிட்டது. மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டு ஒருவர் மௌத்தானால், கடனும் வஸிய்யத்தும் (உயிலும்) தீர்ந்தபின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் பாதி மகனுக்கு. மகள்களுக்குக் கால் கால். ஐவேளைத் தொழுகையில் குறைவைக்காத வடமலபார் மாப்பிள்ளை முஸ்லிம்கள் பலரும் இலட்சத்தீவு மக்களும் இந்தக் கணக்கை அறிந்திருந்தும் தாய்வழிச் சொத்துரிமை முறையான மருமக்கத்தாயத்தைக் கைவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே பொன்னானி அறிஞர் சைனுத்தீன் மக்தூம் தம் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் கண்ணூர்ப் பகுதியின் இந்த வழக்கத்தைக் குறையாகவே பதிவு செய்தார்.

மருமக்கத்தாயத்தில் சொத்து தாய்வழிக் கூட்டுக் குடும்பமான தரவாட்டுக்கு உரியது. அதைக் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் நிர்வகிப்பார். தனியாளாக யாரும் விற்க முடியாது. ஆணின் பிள்ளைகளுக்கு அவன் தரவாட்டில் உரிமை இல்லை. அவர்களுடைய உரிமை தாயின் தரவாட்டில் இருந்தது. மணமானாலும் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. விதவையானாலும் தலாக் ஆனாலும் அவள் தலைக்கு மேல் கூரை இருந்தது. கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தில் பெண்கள் பீவி என்ற பட்டத்தோடு ஆட்சியே செய்தார்கள்.

ஆனால், உழைத்துச் சேர்த்த தகப்பனின் பொருள்கூடப் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாமல் தரவாட்டில் சேர்வது மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்ற ஆலிம்களின் குரல் நியாயமானது. சென்னை மாகாணத்தின் 1918 ஆம் ஆண்டுச் சட்டம், மருமக்கத்தாய மாப்பிள்ளைமாரின் சுயசம்பாத்தியத்தை ஷரீஅத் வாரிசுரிமைக்குள் கொண்டுவந்தது. தரவாட்டுச் சொத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கும் உரிமையை 1939 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தந்தது.

இலட்சத்தீவு மக்கள் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். தரவாட்டுப் பொதுச்சொத்தை வெள்ளிக்கிழமைச் சொத்து என்றும், தனிச்சொத்தைத் திங்கட்கிழமைச் சொத்து என்றும் பிரித்தார்கள். முன்னது தாய்வழியில் செல்லும். பின்னதற்கு ஷரீஅத் பொருந்தும். கல்பேனித் தீவை ஆராய்ந்த மானிடவியலாளர் லீலா துபே, 1969 இல் வெளிவந்த தம் நூலில் இந்த இரு முறைகளின் இணைவாழ்வை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஷரீஅத் பெண்ணுக்குத் தருவது பங்கு. வழக்கம் தந்தது இருப்பிடம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அநீதி. “வீடு உனக்குத்தானே” என்று சொல்லித் தகப்பன் சொத்தில் மகளின் பங்கை விழுங்குவது இறைவன் விதித்த கடமையை மீறுவதாகும். பங்கைப் பிரித்துவிட்டோம் என்று சொல்லி, வயதான சகோதரியை அவள் பிறந்த வீட்டிலிருந்து வெளியேற்றுவதும் நீதியாகாது. ஒருவர் தன் வாழ்நாளிலேயே வீட்டை ஹிபாவாக (கொடையாக) எழுதி உடைமையையும் ஒப்படைக்க ஷரீஅத்தே இடம் தருகிறது. பிள்ளைகளிடையே நீதி தவறக் கூடாது என்பதுதான் அதற்குரிய கண்டிப்பு. ஆகவே பாகப்பிரிவினைக்கு உட்காரும் ஜமாஅத் பெரியவர்கள் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும்: மகளின் பங்கு அவள் கைக்கு வந்ததா? அவள் குடியிருக்க இடம் உறுதியானதா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்த பிறகே பத்திரத்தில் கையெழுத்து விழட்டும்.