எந்தச் சுரங்கத்துப் பச்சை?

நம்மூர் நகைக்கடையில் மரகதம் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். ஒரிஜினலா? எத்தனை காரட்? புதன் தசைக்கு ஒத்துவருமா? எங்கிருந்து வந்த கல் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "கொலம்பியன் சார்" என்று பதில் வரும். திருநெல்வேலி அல்வா என்பதுபோல அது ஒரு தரத்தின் பெயராகத்தான் காதில் விழுகிறது. அங்கே ஒரு ஊர் இருக்கிறது, ஆறு இருக்கிறது, அந்த ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் அலசியவர்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் வருவதில்லை.

சில மாதங்களாக முசோ என்ற அந்த ஊரின் சரித்திரத்தைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது. 'இந்தக் கல் எங்கிருந்து வந்தது' என்ற கேள்வி நானூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்கப்பட்டுத்தான் வருகிறது. ஆனா, கேட்டவர்கள் விலைக்காகக் கேட்டார்கள். தோண்டினவன் கதி என்ன என்று தெரிந்துகொள்ள அதே கேள்வியைக் கேட்பது ரொம்பப் புதிய பழக்கம்.

முசோ போகோட்டாவுக்கு வடக்கே, ஆண்டீஸ் மலையின் கிழக்குக் கிளையில் இருக்கிறது. கரிபோலக் கறுத்த ஷேல் பாறை. அதற்குள் வெள்ளை நரம்புகளாகக் கால்சைட் ஓடும். அந்த நரம்பில்தான் பச்சை உட்கார்ந்திருக்கும். ஸ்பானியர்கள் கொலம்பிய மரகதச் சுரங்கத்தை முதலில் பார்த்தது இங்கே அல்ல. 1537-ல், இன்று சிவோர் என்று சொல்லப்படுகிற சோமொந்தோகோ பக்கம். முசோ மக்கள் எளிதில் பணியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். 1559-ல்தான் அங்கே ஒரு ஸ்பானிய ஊர் எழுந்தது. அதற்கப்புறம் வழக்கமான கதை: பூர்வகுடிகளை ஸ்பானியக் குடியேறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது, கட்டாய வேலை, அம்மை, சாவு. ஆட்கள் குறையக் குறைய ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்தார்கள்.

அன்றைய தோண்டும் முறையை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் ஆற்றுக் கதைக்கு அதுதான் வேர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டுவார்கள். உச்சியில் ஒரு குளம் கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். அதற்குத் தம்ப்ரே என்று பெயர். வெட்டிப்போட்ட கறுப்புக் கழிவு சேர்ந்ததும் குளத்தைத் திறந்துவிட்டால், வெள்ளம் கழிவை அடித்துக்கொண்டு கீழே ஆற்றுக்குப் போய்விடும். வெள்ளை நரம்பு தெரியும். ரொம்பக் கெட்டிக்காரத்தனமான முறைதான். மலையின் கறுப்பெல்லாம் ஆற்றில். கண்ணில் படாமல் தப்பிய கல்லும் ஆற்றில்.

கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் ராஜாவுக்கு. வரி இருக்கிற இடத்தில் கடத்தல் இல்லாமலா? 1622-ல் ஃப்ளோரிடா அருகே புயலில் மூழ்கிய அடோச்சா கப்பலை 1985-ல் கண்டுபிடித்தபோது, அதிலிருந்து மரகதங்கள் வந்தன. கப்பலின் சரக்குப் பட்டியலில் மரகதம் என்ற சொல்லே கிடையாது. காகிதம் இல்லாமல் பயணம் செய்வது இந்தக் கல்லுக்கு அப்போதே கைவந்த வித்தை.

அந்தக் கல்லில் நல்லதெல்லாம் எங்கே போனது? நம் பக்கம்தான். முகலாயர், தக்காணத்துச் சுல்தான்கள், பிறகு ஐதராபாத் நிஜாம். ஸ்பெயின் வழியாகவும், கோவா வழியாகவும், பசிபிக் கடந்து மணிலா வழியாகவும் வந்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்தியச் சந்தையில் உயர்ந்த மரகதங்களை 'பழைய சுரங்கத்துக் கல்' என்று சொல்லி விற்றார்கள். கிழக்கே எங்கோ மறைந்துபோன ஒரு பழஞ்சுரங்கம், அதன் கல்லுக்கு ஈடே இல்லை என்று பேச்சு. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே அப்போதே மறுத்தார்: கிழக்கில் மரகதம் விளைவதில்லை, எல்லாம் பெருவிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாக வருவது என்று எழுதினார். (தென் அமெரிக்காவை மொத்தமாகப் 'பெரு' என்று சொல்கிற காலம் அது.)

யாரும் கேட்கவில்லை. 2000-ல்தான் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர், கல்லுக்குள் இருக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்து 'சயன்ஸ்' இதழில் விடை சொன்னார்கள். நிஜாமின் கஜானாவைச் சேர்ந்த 'பழைய சுரங்க' மரகதங்களையும் அவர்கள் சோதித்தார்கள். கொலம்பியாவும் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷிரும்தான் அவற்றின் பிறந்த ஊர். தவெர்னியே முழுக்கச் சரியில்லை, பழைய சுரங்கக் கதை முழுக்கப் பொய். கல்லின் ஊரைப் பற்றிய பேச்சு முந்நூறு வருஷம் விலையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பொய் சொன்ன ஊருக்குப் பதில் உண்மையான ஊரைச் சொல்லியிருந்தால் முசோவில் செத்தவர்களுக்கு ஏதாவது மாறியிருக்குமா? சத்தியமாக இருக்காது.

இனி ஒரு தாவு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முசோ சுரங்கத்தைக் கொலம்பியாவின் மத்திய வங்கியே நடத்திப் பார்த்தது, பிறகு ஓர் அரசு நிறுவனம். இரண்டும் திருட்டையும் கொலையையும் அடக்க முடியாமல் தவித்தன. 1970-களின் பிற்பகுதியில் தனியாருக்குக் குத்தகை. குத்தகைக்காரர் குடும்பங்களுக்குள் நடந்த சண்டைகளுக்குப் 'பச்சைப் போர்' என்று பெயர். 1980-களில் நடந்த கடைசிப் போரில் மட்டும் சில ஆயிரம் பேர் செத்தார்கள். கோகெய்ன் வியாபாரி ரோத்ரிகெஸ் காச்சா உள்ளே நுழையப் பார்த்ததும் அப்போதுதான். 1990 ஜூலையில் திருச்சபை நடுவில் நிற்கச் சமாதான ஒப்பந்தம் ஆனது. வென்று நின்றவர் விக்தர் கரான்சா. மரகத ஜார் என்று அழைப்பார்கள். துணைராணுவக் குழுக்களோடு தொடர்பு என்று 1998-ல் கைதானார், சில வருஷத்தில் வெளியே வந்தார், 2013-ல் புற்றுநோயில் இறந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜாரைப் பற்றி இல்லை. ஆற்றில் நின்றவர்களைப் பற்றி. தம்ப்ரே போய் புல்டோசர் வந்தது. புல்டோசர் மலையைச் சுரண்டி, கறுப்புக் கழிவை இதோகோ ஆற்றோரம் தள்ளிவிடும். கீழே மண்வெட்டியோடு ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருப்பார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும், உடம்பெல்லாம் கறுப்புச் சேறு. அவர்களுக்குக் குவாக்கேரோ என்று பெயர். கம்பெனியின் கண்ணுக்குத் தப்பிய கல் இவர்களுக்கு. யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம்! சுரங்கத்துக்குள் வேலை செய்தவனுக்கும் ஒழுங்கான சம்பளம் என்று பெரிதாகக் கிடையாது: சாப்பாடு, இடம், கல் அகப்பட்டால் ஒரு பங்கு. அநியாயமான ஏற்பாடுதான். ஆனா அந்த அநியாயத்தின் ஓரத்தில் ஒரு ஊரே பிழைத்தது.

2009-ல் அமெரிக்க முதலீட்டோடு ஒரு நிறுவனம் முசோவுக்குள் வந்தது. கரான்சா இறந்த வருஷம் சுரங்கத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. மாதச் சம்பளம், காப்பீடு, காற்றோட்டமுள்ள சுரங்கப்பாதை, கேமரா. வெட்டிய கல்லைப் போகோட்டாவில் தன் பட்டறையிலேயே பட்டை தீட்டி, முசோ என்ற பெயரிலேயே உலகத்துக்கு விற்றது. கல் தோன்றிய பாறையிலிருந்து மோதிரம் வரை கணக்கு இருக்கிறது என்பதுதான் விளம்பரம். இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. துப்பாக்கியும் பங்கும் இருந்த இடத்தில் சம்பளச் சீட்டு வந்தது சின்ன விஷயமா?

கழிவை நிறுவனம் தானே அலசிக்கொண்டது. ஆற்றுக்கு வரவில்லை. சுற்றுச்சூழல் கணக்கில் நல்லது, கணக்குப் புத்தகத்தில் நல்லது. குவாக்கேரோவுக்கு? 2015 மே மாதம் பெரிய கூட்டம் ஒன்று சுரங்கத்துக்குள்ளேயே புகுந்து தோண்ட ஆரம்பித்தது. போலீஸ் வந்துதான் வெளியேற்றியது. அத்துமீறல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊர்க்காரன் தாத்தா காலத்திலிருந்து அலசிய மண் அது.

வைரத்துக்கு 2003-லிருந்து கிம்பர்லி ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறதே, மரகதத்துக்கு ஏன் இல்லை என்று கேட்கலாம். அந்த ஏற்பாடு பட்டை தீட்டாத வைரத்துக்கு மட்டும். அதுவும் கலகப் படைகளுக்குப் பணம் போவதைத் தடுக்கத்தான். சம்பளம், ஆறு, நிலம் எல்லாம் அதன் பேச்சிலேயே இல்லை. வண்ணக் கல்லைச் சின்னச் சின்னக் குழிகளில் தோண்டுவது அதிகம். கல் தரகர் கைக்கு மாறும், போகோட்டாவில் வெள்ளைக் காகித மடிப்புக்குள் போகும், ஜெய்ப்பூரில் வேறு தேசத்துக் கல்லோடு ஒரே பொட்டலத்தில் கலக்கும், விரிசல் மறைய எண்ணெய் குடிக்கும். அதற்கப்புறம் அதன் ஊரைக் கேட்டால் யார் சொல்வது?

பெரிய கம்பெனி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் மொசாம்பிக்கைப் பார்க்க வேண்டும். ஜாம்பியாவின் ககெம் மரகதச் சுரங்கத்தில் 75 சதவீதம் வைத்திருக்கும் ஜெம்ஃபீல்ட்ஸ், 'பொறுப்பாக எடுத்த கல்' என்பதைத் தன் விளம்பரத்தின் மையத்தில் வைத்த நிறுவனம். மொசாம்பிக்கில் அதன் மோந்தெபுவெஸ் மாணிக்கச் சுரங்கத்தைச் சுற்றி நடந்த அடி, கொலை, குடிசை எரிப்புப் புகார்களில் லண்டனில் வழக்கு வந்தது. 2019 ஜனவரியில், சட்டப் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், 58 லட்சம் பவுண்டு கொடுக்க நிறுவனம் சம்மதித்தது. ஏல முறையில் விற்று அரசுக்கு ஒழுங்காக வரி கட்டுவதும் இதே நிறுவனம்தான். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது.

2017-ல் சுவிட்சர்லாந்தின் கியூபெலின் ஆய்வகம் இன்னொரு வழி கண்டுபிடித்தது. டி.என்.ஏ. பொதிந்த நுண்துகள்களைச் சுரங்கத்திலேயே, பட்டை தீட்டாத மரகதத்தின் விரிசல்களுக்குள் செலுத்திவிடுவது. எண்ணெய் போட்டாலும், பட்டை தீட்டினாலும், பல வருஷம் கழித்து எடுத்துப் படித்தாலும் எந்தச் சுரங்கம் என்று தெரியும். முதலில் சோதித்தது ககெம் கற்களில்.

அந்தத் துகளைச் செலுத்த ஆய்வகத்தோடு ஒப்பந்தம் வேண்டும், சுரங்க உரிமம் வேண்டும். இதோகோ ஆற்றில் சேற்றோடு கையில் அகப்பட்ட கல்லுக்கு அது கிடையாது. அதே பாறை, அதே நரம்பு, அதே பச்சை. 'ஊர் தெரியாத கல்' என்று விலை குறைத்துத்தான் அதை வாங்குவார்கள்.