நியதிக் கொள்கை

நியதிக் கொள்கை என்பது, உலக நிகழ்வுகள் யாவும் முன்பே வகுக்கப்பட்ட ஓர் ஒழுங்கின்படியே நடைபெறுகின்றன என்றும், எல்லா உயிர்க்கும் பொதுவான அவ்வொழுங்கை ஏற்பதன்றி மாற்ற வழியில்லை என்றும் கூறிய ஆசீவகச் சமயத்தின் அடிப்படைக் கோட்பாடாகும். புத்தர், மகாவீரர் ஆகியோரின் சமகாலத்தவரான மற்கலி கோசாலர் இச்சமயத்தின் தலைமை ஆசிரியராகக் கருதப்படுகிறார்.

ஆசீவகரின் சொந்த நூல்கள் அழிந்துவிட்டமையால், அவர்கள் கொள்கையை மறுத்த பௌத்த, சமண, சைவ நூல்களின் வாயிலாகவே அதனை அறிய முடிகிறது. எதிர்வாதியின் கூற்றாக வந்த செய்திகளாதலின் அவற்றை எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் தீரும்வரை ஓடுவதுபோல, அறிஞரும் மூடரும் 84 இலட்சம் மகாகல்பங்கள் பிறந்துழன்ற பின்னரே துன்பத்தின் முடிவை எய்துவர் என்று கோசாலர் கூறியதாகப் பாலி மொழியிலுள்ள சாமஞ்ஞபல சுத்தம் தெரிவிக்கிறது. பேறு, இழப்பு, இன்பம், துன்பம் முதலியவை கருவிலேயே உயிரோடு சேர்ந்துவிடுகின்றன என்பதை மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகவாதி எடுத்துரைக்கிறார்.

முயற்சியால் பயனில்லை என்ற இவர்களே உண்ணாநோன்பு உள்ளிட்ட கடுந்தவங்களை மேற்கொண்டது முரணாகத் தோன்றலாம். தவம் செய்வதும் நியதியின் பயனே என்பது அவர்கள் தரப்பு விடையாக இருந்திருக்கக்கூடும். ஆயினும் இக்கொள்கை சோம்பலை வளர்க்கும் என்ற எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு அவர்களின் வாழ்க்கைமுறைக்குப் பொருந்துவதாக இல்லை.

பிகாரின் பராபர் குன்றுகளில் குடைந்த குகைகளை அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகருக்கு வழங்கினார். தமிழகத்திலும் இச்சமயம் வேரூன்றியிருந்தது. கண்ணகிக்கு நேர்ந்ததைக் கேட்ட தந்தை மாநாய்கன் ஆசீவகர்பால் சென்று துறவு பூண்டதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. நீலகேசியில் ஆசீவகவாதத்துக்கெனத் தனிச் சருக்கமே உண்டு. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் (192) வரும் முறைமை பற்றிய கருத்தைக் கொண்டு அவரை ஆசீவகர் என்பாரும் உளர். ஊழ் பற்றிய எண்ணம் பல சமயத்தார்க்கும் பொதுவாயிருந்தமையால் அம்முடிவுக்கு இச்சான்று போதாது. வட இந்தியாவில் மங்கிய பின்னரும் இச்சமயம் தெற்கில் நெடுங்காலம் நீடித்தது என்பதை, ஆசீவகர்மீது விதிக்கப்பட்ட வரியைக் குறிப்பிடும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன.