கொம்பின் களிம்பு

ஒசூரை அடுத்த மத்திகிரியை இன்று அறிந்தவர்கள் பெரும்பாலும் அதன் கால்நடைப் பண்ணையை முன்னிட்டே அறிவார்கள். ஆயின் 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அப்பண்ணை, 1824-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியாரால் தங்கள் சேனைக்கு வேண்டிய குதிரைகளை வளர்க்கும் பொருட்டு நிறுவப்பட்டது என்பதை நினைப்பவர் சிலரே. குதிரைப்படை இருந்த காலத்தில், ஏறு, நட, பாய், திரும்பு என்னும் ஆணைகளைச் சொல்லால் அன்றி நாதத்தால் அறிவித்தது பித்தளை ஊதுகொம்பு. அதைத் துலக்கிப் பிரகாசிக்கச் செய்வது, குதிரையைத் தேய்த்துவிடுவதைப் போலவே, அதை ஏந்தியவனுக்கு நித்திய கடமையாக இருந்தது.

துரைமார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் ஆலயங்களில் கொம்பும் எக்காளமும் திருச்சின்னமும் ஒலித்தன. திருஞானசம்பந்தருக்குத் திருவரத்துறை இறைவன் முத்துச் சிவிகையோடு முத்துச் சின்னமும் அருளினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. உற்சவம் நெருங்கினால் கோயில் பித்தளைகளெல்லாம் வெளியே வரும். பழம்புளியை ஊறவைத்துத் தேங்காய் நாரால் தொட்டு, சலித்த செங்கல் தூளைச் சேர்த்துத் தேய்த்தால், கறுத்திருந்த உலோகம் கண்ணெதிரே மஞ்சள் ஒளி பெறும். பிறகு நீரில் நன்றாக அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, திருநீற்றைத் தொட்டு மெல்லிய துணியால் ஒற்றியெடுப்பார்கள். ஆனால் கொம்பு குடத்தைப் போன்றதன்று. வளைந்த துண்டுகள் ஒன்றில் ஒன்று செருகப்பட்டது. அந்தப் பொருத்துகளில் புளிச்சாறு சிறிது தங்கினாலும், அடுத்த உற்சவத்துக்குள் அங்கே பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றில் மெல்லப் படியும் பழுப்பு நிறம் அதற்குப் பெரும்பாலும் கேடு செய்வதில்லை. ஈரமும் உப்பும் புளிப்பும் கூடி விளைவிக்கும் களிம்போ உலோகத்தையே தின்னும். துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேற, பித்தளையில் செந்நிறத் திட்டுகள் தலைகாட்டும். அவ்விடம் வலுவிழந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஆணவ மலத்துக்குச் செம்பில் உள்ள களிம்பை உவமை கூறிய சைவ சித்தாந்திகள், களிம்பு நீங்கச் செம்பு நிற்க வேண்டும் என்றார்கள். துலக்குபவனுக்கும் அதுவே சூத்திரம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சூத்திரம் மறக்கப்பட்டது. 1905-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் பிராஸோ என்னும் உலோகம் துலக்கும் திரவம் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர், காற்றுப் படாமல் உலோகத்தைக் காக்கும் லாக்கர் பூச்சு மேனாட்டு பாண்டு வாத்தியங்களில் பரவியது. மின்சாரத்தால் சுழலும் பாலீஷ் சக்கரமும் வந்தது. ஒசூர்த் தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களில் புதிய உதிரிபாகங்களுக்கு அது ஏற்றதே. பழைய கொம்பை அதில் காட்டினாலோ, களிம்போடு ஒரு மயிரிழை உலோகமும் போய்விடும். உபயதாரர் பெயரைத் தாங்கிய எழுத்துகள் மழுங்கும், வாய்ப்புறத் தகடு மெலியும். ஒரு நாள் பளபளப்புக்கு நூறாண்டுச் சாட்சியத்தை விலையாகக் கொடுத்தவர்கள் ஆவோம்.

சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில் 1930-இல் ஏற்பட்ட ரசாயனப் பாதுகாப்புக் கூடம் வேறொரு வழியைக் காட்டியது. அங்கே ரசாயன நிபுணராக இருந்த எஸ். பரமசிவன், களிம்பேறிய வெண்கலத் திருமேனிகளைச் சுரண்டாமல், மின்பகுப்பு முறையால் களிம்பை நீக்கினார். உலோகம் எது, நோய் எது என்று பிரித்தறியும் விவேகமே அந்தச் சிகிச்சையின் சாரம்.

கோயில் ஜீரணோத்தாரணத்தை மேற்கொள்ளும் தர்மகர்த்தாக்களுக்கு ஒரு விண்ணப்பம்: கொம்பைப் பட்டறைக்கு அனுப்புமுன் அதில் எழுத்து உண்டா என்று பாருங்கள். உண்டானால் படியெடுத்து வைத்துக்கொண்டு, பச்சைக் களிம்பை மட்டும் கையால் நீக்கச் சொல்லுங்கள். பழுப்பு அப்படியே இருக்கட்டும். கொம்பின் நாதத்துக்கு அதனால் குறைவில்லை.