ஆங்கில வகுப்பும் பழிவாங்கும் நாடகமும்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலர் தேர்வில் சந்திக்கும் பழைய வினா ஒன்று உண்டு: ‘ஹாம்லெட் ஏன் தாமதித்தான்?’ குறிப்பு நூல்களில் அதற்கு ஆயத்த விடை கிடைக்கும். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரி சென்ற நம் பிள்ளைகள் அவ்விடையை மனப்பாடம் செய்து தேறினால் குற்றமில்லை. ஆயினும், அவ்வகுப்பு நம் ஊருக்கு வந்த வரலாற்றை அறிந்தவர் அவ்வினாவை வேறு விதமாகவும் கேட்கலாம்.

1837-இல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில காலத்திற்குள் பறையர் குலச் சிறுவர்கள் அங்கே சேர்ந்தனர். அவர்களை நீக்குமாறு மேல்சாதியார் வற்புறுத்தினர், ஆண்டர்சன் மறுத்தார், மாணவர் பலர் வெளியேறினர். பள்ளியோ நிலைத்தது. அதுவே வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியாயிற்று. பெருந்தலைவர் எம். சி. ராஜா பட்டம் பெற்றது அக்கல்லூரியிலேதான்.

1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்வதற்கு முன்பு அக்கல்லூரி உயர் நீதிமன்றத்திற்கு எதிரே இருந்தது. 1862-இல் சென்னைக்கு வந்து நெடுங்காலம் அதனை நடத்திய வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியரின் நான்கு துன்பியல் நாடகங்களை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். ஹாம்லெட் பற்றிய நூலுக்கு, வாழ்வு வீணாதல் என்னும் பொருளில் தலைப்பிட்டார். லியர் மன்னன் நாடகத்தையோ இந்திய அரசியலோடு இணைத்தே ஆராய்ந்தார். ஆகவே, அந்நிய நாடகத்தை நம் நாட்டு நடப்போடு வைத்துப் படிப்பது புதுமையன்று. அவ்வகுப்பின் ஆசிரியரே காட்டிய வழி அது. (பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ எனத் தமிழாக்கினார். அவரும் வழக்கறிஞராயிருந்து நீதிபதியானவர் என்பது சுவையான செய்தி.)

ஹாம்லெட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே தாமஸ் கிட் என்பவர் ‘ஸ்பானியத் துன்பியல்’ என்ற நாடகத்தை எழுதினார். அதன் தலைவன் ஹியரோனிமோ, அரசவையில் நீதி வழங்கும் அதிகாரி. அவன் மகனைக் கொன்றவர்கள் அரசனின் தம்பி மகனும் போர்த்துக்கல் இளவரசனும். இரத்தத்தால் எழுதிய கடிதமொன்று அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. ஹியரோனிமோ உடனே வாளை உருவவில்லை. சூழ்ச்சியோ என ஐயுற்று, வேறு சான்றுக்குக் காத்திருக்கிறான். சான்று கிடைத்த பின் அரசனிடம் முறையிடுகிறான். கொலைகாரனே இடையில் நின்று அம்முறையீட்டைத் தடுக்கிறான்.

அப்போது ஒரு கிழவர் விண்ணப்பத்தோடு வருகிறார். கொலையுண்ட தம் மகனுக்கு நீதி வேண்டுமென்கிறார். தனக்கே நீதி கிட்டாத நீதிபதியிடம்! வழக்குத் தாள்களை ஹியரோனிமோ பல்லால் கிழித்தெறிகிறான். என் கருத்தில், நாடகத்தின் உயிர் இக்காட்சியில் உள்ளது. இறுதியில் விழும் பிணங்களில் அன்று. கண்ணகிக்கேனும் பாண்டியன் வாயில் திறந்தது. மன்னன் செவி சாய்த்தான்.

நம் காலத்திலும் இதற்கு இணை உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளரை, மில்லரின் வகுப்பு நடந்த இடத்திற்கு எதிரேயுள்ள அதே உயர் நீதிமன்றம் விடுவித்தது. செல்வர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதாக இல்லை என அத்தீர்ப்பு கருதியது. 1980-இல் முதன்மைக் குற்றவாளியாகக் கருதப்பட்டவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அக்கொலையைப் போற்ற இதனைக் கூறவில்லை. கிட்டும் அதைப் போற்றி எழுதவில்லை. எந்தக் கதவு எப்போது அடைபட்டது என்பதையே அவர் காட்சி காட்சியாகக் காட்டினார். இலக்கிய ஆய்வு என்பது அந்தக் கதவுகளைத் தேடுவதுதான்.

நாடக முடிவில் பழி தீர்த்த ஹியரோனிமோவைப் பேசும்படி அரசன் கட்டளையிடுகிறான். அவன் தன் நாவைத் தானே கடித்துத் துண்டிக்கிறான். வெறும் குருதிக் காட்சி என்று இதனைத் தள்ளுவோர் உண்டு. முறையிட்டபோது எவரும் கேளாத நாவு அது என்பதை நம் மாணவர் விடைத்தாளில் எழுதலாம்.