காசைக் கொடுத்தோம், சாவியைக் கொடுத்தார்கள்: மலையகத்தில் வீடு வாங்குவதும் விற்பதும்

அந்தத் தாள் நான்காக மடித்து ஒரு பொலித்தீன் பைக்குள் வைக்கப்பட்டிருந்தது. ஹட்டனிலிருந்து அரை மணிநேரப் பஸ் பயணத்தில் இருக்கும் தோட்டம் ஒன்று. லயத்தின் தொங்கக் காம்பராவையும் பின்னால் இழுத்துக் கட்டிய குசினியையும் மூன்று இலட்சம் ரூபாவுக்கு விற்றதாகக் கையால் எழுதியிருந்தது. விற்றவர், வாங்கியவர், சாட்சிக்குத் தோட்டத் தலைவர் என மூன்று கையெழுத்துகள். மூலையில் ஒரு முத்திரை.

"காசக் குடுத்தோம், சாவியக் குடுத்தாங்க. இதுக்கு மேல என்ன தம்பி பத்திரம்?" என்று கேட்டார் அக்கா.

அவருடைய பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். 2009 இல் கணவரை இழந்து, மெனிக்பாம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்த அக்கா, கிளிநொச்சிக்குத் திரும்பவில்லை. சின்னம்மா இருந்த தோட்டத்துக்கே வந்துவிட்டார். மிஞ்சியிருந்த நகையை விற்றுத்தான் அந்தக் காம்பராவை வாங்கினார். சில வருடங்கள் கழித்து, விற்றவரின் மகன் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு வந்தார். தோட்டத்துப் பதிவேட்டில் காம்பரா இன்னும் அவருடைய அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. அதை விட்டுத்தரச் சொல்லி நிர்வாகத்திடம் போயிருக்கிறார்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். எங்கள் வீட்டு இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்கியபோது அப்பா வாங்கியதும் துரையின் வாய்ச்சம்மதம் மட்டுமே. அதனால் அக்காவின் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் பதிலைத் தேடிப் பிரதேச செயலகத்துக்கும் சட்டத்தரணிகளிடமும் அலைந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. மலையகத்தில் வீடு விற்பனைக்கு வந்தால் விலையைக் கேட்பதற்கு முன், அந்த நிலம் யாருடையது என்று கேட்க வேண்டும்.

லயம் யாருடையது?

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. பிற்பாடு அவற்றில் பெரும்பகுதி மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்தது. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. அவர்களுக்கும் நிலம் சொந்தமில்லை, 53 வருடக் குத்தகைதான். துரைக்கே சொந்தமில்லாத நிலத்தைத் தொழிலாளி விற்கவும் முடியாது, இன்னொருவர் வாங்கவும் முடியாது. கைமாறுவது வீடு அல்ல, அங்கே இருப்பதற்கான இணக்கம் மட்டும்தான். அதைக் கொடுத்த நிர்வாகம் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

"நாப்பது அம்பது வருசமா இருக்கோமே, சொந்தமாகாதா?" என்று எல்லாத் தோட்டங்களிலும் கேட்கிறார்கள். எதிரிடையாகப் பத்து வருடம் ஆண்டால் உரிமை கிடைக்கும் என்ற ஆட்சியுரிமைச் சட்டம் தனியார் காணிக்கு உரியது. அரச காணிக்கு எதிராக அது செல்லாது. நிர்வாகத்தின் அனுமதியோடு குடியிருப்பதை எதிரிடையான ஆட்சி என்று நீதிமன்றம் கொள்வதும் இல்லை. மின்சாரப் பட்டியலும் வாக்காளர் இடாப்பில் உள்ள பெயரும் நீங்கள் அங்கே வசிப்பதைக் காட்டும். அந்த இடம் உங்களுடையது என்று காட்டாது.

இதைவிடக் கடினமானது 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீட்பு) சட்டம். வெளியேறச் சொல்லும் அறிவித்தலின்படி போகாவிட்டால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். சட்டப்படி வழங்கப்பட்ட செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்துமூல அதிகாரமோ இருந்தால் அதைக் காட்டலாம். வேறு எதையும் அங்கே வாதிட இடமில்லை. அக்காவின் தாள் அந்த நீதிமன்றத்தில் வெறும் தாள்தான்.

தனியார் காணியாக இருந்திருந்தாலும் அந்தத் தாள் எடுபடாது. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. 'பிறகு விற்றுத் தருகிறேன்' என்ற உடன்படிக்கைக்கும் இதே விதி. தலைவர் சாட்சி, கோயில் ஐயா சாட்சி என்று எழுதி முற்பணம் கொடுத்தவர்கள் அந்தத் தாளை வைத்து வீட்டைக் கேட்க முடியாது.

ஏழு பேர்ச் வீடு

புதிய தனி வீடுகளுக்கு லயத்தைவிட நல்ல விலை பேசப்படுகிறது. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இப்படிக் கட்டப்பட்ட வீடு ஒன்று விலைக்கு வந்தால் அவர்கள் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள். சாவி கையளித்த கடிதமும், பயனாளியாகத் தெரிவானதற்கான சான்றிதழும், மேடையில் அமைச்சரிடம் வாங்கிய பத்திரமும் காணி உறுதி ஆகாது. உறுதி என்றால் அதில் இலக்கம் இருக்கும், நில அளவைப் படத்தின் விபரம் இருக்கும், காணிப் பதிவகத்தில் அது பதியப்பட்டிருக்கும். பதிவு இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

உறுதி இருந்தாலும் அதன் கடைசிப் பக்கங்களில் நிபந்தனைகள் இருக்கலாம். இத்தனை வருடம் விற்கக் கூடாது, இன்னாரின் அனுமதி தேவை என்று எழுதியிருப்பதை யாரும் வாசிப்பதில்லை. பல இடங்களில் உறுதி சிங்களத்தில் இருக்கிறது, வாங்குபவருக்குத் தமிழ்தான் தெரியும். கையெழுத்து வைப்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் நொத்தாரிசு வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். அது அவருடைய கடமை. "சேர் அவசரத்தில் இருந்தார்" என்று பிறகு சொல்வதில் பயனில்லை.

சம்பளத்தில் கடன் வெட்டித் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கட்டிய பழைய வீடுகளும் உள்ளன. கடனைக் கட்டி முடித்தும் உறுதி கையில் வராத குடும்பங்கள் பல. கடன் முடிந்த துண்டைக் காட்டி விற்க வருபவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கடன் முடிந்தால் வீடு தன்னுடையது என்றே அவரும் நம்பியிருக்கிறார்.

தோட்டத்துக்கு வெளியே, கிராமப்புறத்தில், அனுமதிப்பத்திரக் காணியும் அளிப்புக் காணியும் கிடைக்கும். வன்னி வாசகர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விடயம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கிளிநொச்சியில் நடந்த தவறுகள் கொத்மலையிலும் நடக்கின்றன.

ஹட்டன் ரவுனில்

தனியார் காணி என்றால் பாதை கொஞ்சம் தெளிவு. காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியை எடுத்து, முப்பது வருடங்களுக்காவது பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடமானமும் வழக்குப் பதிவும் அதில் தெரியும். உங்கள் உறுதியையும் தாமதிக்காமல் பதியுங்கள். அதே காணியை இரண்டாவதாக நேர்மையாக வாங்கிய ஒருவர் உங்களை முந்திப் பதிந்துவிட்டால் அவர் கை ஓங்கிவிடும்.

'பிரிக்கப்படாத பங்கு' என்ற சொற்களைக் கண்டால் நிதானியுங்கள். தாத்தாவின் இருபது பேர்ச்சில் ஐந்தில் ஒரு பங்கு உங்களுக்கு வரும், ஆனால் எந்த மூலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். காட்டிய வீடும் படத்தில் உள்ள துண்டும் ஒன்றுதானா என்று பார்க்க நில அளவையாளர் ஒருவரை நீங்களே கூட்டிப்போங்கள். பாதையையும் பாருங்கள். பக்கத்து வீட்டு முற்றத்தால் இறங்கிப் போகும் வீடுகள் இங்கே நிறைய. அவர்கள் கேற்றைப் பூட்டினால் போக வழியிருக்காது.

மலைச்சரிவை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் போன லயங்கள் ஏற்கனவே எச்சரிக்கப்பட்ட இடத்தில் இருந்தவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மலையகம் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். விற்பவர் வேண்டாம் என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கும்.

செலவையும் முன்பே கணக்கிடுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 30 இலட்சம் ரூபா வீட்டுக்கு 119,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. அதை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுபவர்கள், பின்னால் வழக்கு வந்தால் கொடுத்த காசை நிரூபிக்கத் திண்டாடுவார்கள்.

வெளிநாட்டு அண்ணனும் தொலைந்த உறுதியும்

"அண்ணா கனடாவிலிருந்து காசு அனுப்புகிறார், அவர் பெயரில் எழுதலாமா?" இலங்கைக் குடியுரிமையை இழந்து வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவருக்கு 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி காணியைப் பொதுவாக எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும். தங்கையின் பெயரில் எழுதினால் சட்டப்படி அது தங்கையின் வீடு. அண்ணன், தங்கை இருவருமே இதை மனதில் தெளிவாக வைத்திருப்பது உறவுக்கு நல்லது. அற்றோணித் தத்துவத்தில் விற்க வருபவரிடம், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும்.

யுத்தத்தில் உறுதி எரிந்துபோனதென்று காணியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த அவசரம் தேவையில்லாதது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம்.

விற்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கடன் வாங்கப் போய் அறுதி உறுதியில் கையெழுத்து வைக்காதீர்கள். "காசைத் திருப்பித் தந்தால் வீட்டையும் திருப்பி எழுதுவேன்" என்று வாயால் சொல்வார்கள். உறுதியில் அது இருக்காது. மகளின் கல்யாணத்துக்கும் ஏஜென்சிக் காசுக்கும் என்று இப்படிக் கையெழுத்து வைத்தவர்கள் இன்று தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். கடனுக்கு அடமான உறுதி என்று தனியாக ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள்.

காசு கொடுத்துச் சட்டத்தரணி வைக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களுக்குப் போகலாம். காணி அரசுடையதா, யாருக்குக் குத்தகை, உறுதி வழங்கும் திட்டத்தில் உள்ளதா என்பவற்றை 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

அக்காவோடு உட்கார்ந்து அப்படி ஒரு விண்ணப்பம் எழுதினோம். காம்பரா அவருக்குக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பதில் எழுத்தில் வரும் என்று மட்டும் சொன்னேன். கையெழுத்து வைத்துவிட்டு, அந்தப் பழைய தாளையும் இதோடு இணைக்க வேண்டுமா என்று கேட்டார். போட்டோப் பிரதியை மட்டும் வையுங்கள், அசலைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றேன். வீட்டைக் கேட்க அது உதவாது. கொடுத்த மூன்று இலட்சத்தைத் திருப்பிக் கேட்கும் நாள் வந்தால், கொடுத்ததற்கு அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான்.