பயணியும் பற்குச்சியும்

திருவண்ணாமலையின் மலைவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் மலைக்கு மேற்கே அமைந்துள்ள அடி அண்ணாமலையில் இருவகைப் பயணிகளைக் காணலாம். தொலைதூர நாடுகளிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்போர் ஒரு வகையினர்; பொருள் தேடி அயல்நாடு சென்று விடுமுறைக்கு மட்டும் வீடு திரும்புவோர் மற்றொரு வகையினர்.

இரண்டாம் வகையினரில் ஒருவர் என் பழைய மாணவர். வளைகுடாவில் பணியாற்றும் அவரைச் சில ஆண்டுகளுக்குப்பின் அவ்வூரில் சந்தித்தேன். முப்பத்தைந்து வயதுகூட நிரம்பாத அவருக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டு இல்லை. காரணம் வினவியபோது, “அங்கே பல் வைத்தியத்துக்குக் கொடுக்கும் பணம் இங்கே ஒரு மாத வீட்டுச் செலவு, ஹஜ்ரத். வலி மாத்திரை போட்டுக்கொண்டு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்” என்றார். ஊருக்கு வந்தபோது பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. மருத்துவமனைகள் பெருகிய இக்காலத்துப் பயணியின் நிலை இதுவாயின், அவை இல்லாத காலத்துப் பயணிகள் தம் பற்களை எவ்வாறு காத்தனர் என்னும் வினா என்னுள் எழுந்தது.

சீனத் துறவியான இத்சிங் கி.பி. 671இல் கடல்வழியே புறப்பட்டு, நாளந்தாவில் பல்லாண்டுகள் பயின்று, 695இல் தாயகம் மீண்டவர். இடையில் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் தங்கி எழுதிய நூலில், பற்குச்சிக்கென்றே ஓர் இயலை அவர் ஒதுக்கியுள்ளார். குச்சியின் நீளம் 8 விரல் முதல் 12 விரல் வரை இருக்கவேண்டும், அதன் நுனியை மென்று பல் துலக்கவேண்டும் என்றெல்லாம் விவரிக்கும் அவர், இப்பழக்கத்தினால் இந்தியாவில் பல்வலி அரிது என்றும் குறிப்பிடுகிறார்.

கி.பி. 851இல், அதாவது ஹிஜ்ரி 237இல், தொகுக்கப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்னும் அரபு நூலிலும் இச்செய்தி காணப்படுகிறது. ஸுலைமான் எனும் வணிகரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இந்நூல், இந்திய மக்கள் பல் துலக்கிக் குளிக்காமல் உணவு உண்பதில்லை என்றும், சீனரிடம் அவ்வழக்கம் இல்லை என்றும் கூறுகிறது. அரபு வணிகர் அயல்மண்ணில் தம் மிஸ்வாக்கின் உறவைக் கண்டுகொண்டனர் எனலாம்.

அவ்வுறவு தமிழிலும் தொன்மையானதே. வைகறையில் கோல் கொண்டு பல் துலக்குவதை ஆசாரக்கோவை ஒழுக்கமாகவே விதிக்கிறது. அதனினும் வியப்புக்குரியது வேறொன்று. அரபு நாட்டில் மிஸ்வாக்கிற்குப் பெயர்பெற்ற ‘அராக்’ மரமும், சங்கப் பாடல்கள் குறிப்பிடும் ‘உகாய்’ மரமும் ஒன்றே எனத் தாவரவியல் அறிஞர் கருதுவர். குறுந்தொகையில் உகாய் இடம்பெறுவது பாலைத்திணையில். பொருள் தேடி வீட்டைப் பிரிந்து செல்வோர் கடக்கும் வறண்ட வழியில் நிற்கும் மரம் அது. வளைகுடாவுக்குச் சென்ற தமிழர் அங்கே கண்ட அராக், நம் முன்னோர் பிரிவின் வழியில் கண்ட அதே மரம்தான்!

பெருமானார் (ஸல்) அவர்கள், தம் சமூகத்தாருக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிடில் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்கப் பணித்திருப்பதாக அருளிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இரவில் துயிலெழுந்ததும் அவர்கள் பல் துலக்கினார்கள். இல்லம் நுழைந்ததும் முதலில் பல் துலக்கினார்கள். ஆயினும் இதனை ஒரு மரத்தோடு மட்டும் நம் சட்ட அறிஞர்கள் பிணைத்துவிடவில்லை. அராக் சிறந்தது என்று கூறிய இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676), பல்லின் அழுக்கை அகற்றும் சொரசொரப்பான எப்பொருளும் போதும் என்றே தெளிவுபடுத்துகிறார்கள். ஆகவே வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும், இன்றைய தூரிகையும் அவ்வரம்பினுள் அடங்குவனவே. ஊர் மாறலாம், கருவி மாறலாம். வேளை தவறாத பேணுதல் மாறக்கூடாது என்பதே இதன் உட்பொருள்.

பேணத் தவறியவர்க்கும் நம் மரபு வழிகாட்டியுள்ளது. அந்தலுசிய மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் பற்காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளைப் படம் வரைந்தே விளக்கியுள்ளார். பல்லைப் பிடுங்க அவசரப்படலாகாது. போன பல்லுக்கு ஈடில்லை. வலி நோயாளியை ஏமாற்றுவதால் நோயுற்ற பல் எதுவென்று உறுதி செய்தபின்னரே கைவைக்க வேண்டும் என அவர் எச்சரிக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இவ்வறிவுரையின் வேகம் இன்றும் குறையவில்லை.

அராக் வேரிலுள்ள ‘பென்சைல் ஐசோதயோசயனேட்’ என்னும் பொருள் வாயிலுள்ள சில நுண்ணுயிரிகளை அழிக்கவல்லது எனச் சுவீடன் நாட்டு கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். இதனைப் பெருமையாகப் பேசிவிட்டு, மற்றவற்றைக் கைவிடுவது அறிவுடைமையன்று. முனை தேய்ந்த பழங்குச்சியை நாட்கணக்கில் சட்டைப்பையில் வைத்திருப்பதாலோ, ஈறு தேயுமாறு அழுத்தித் துலக்குவதாலோ பயனில்லை. முனையை அவ்வப்போது நறுக்கிப் புதுப்பிக்க வேண்டும். ஃபுளோரைடு கலந்த பற்பசையையும் உடன் பயன்படுத்த வேண்டும். இனிப்புத் தேநீரும் பேரீச்சையும் உண்டபின் பல் துலக்காமல் உறங்குவது, இரவு முழுவதும் பூச்சிப்பல்லுக்கு விருந்து வைப்பதாகும்.

பயணம் புறப்படுமுன் பெட்டியைக் கட்டுவதோடு பற்களையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சென்ற நாட்டில் கிடைக்கும் மருத்துவக் காப்பீடு பல் சிகிச்சைக்குப் பொருந்துமா என்பதை முதல் மாதத்திலேயே கேட்டறியுங்கள். மாத்திரை வலியை மறைக்குமேயன்றிச் சொத்தையைத் தீர்க்காது. சிறு சொத்தையை அங்கேயே அடைப்பதற்கு ஆகும் செலவு, பின்னர் ஒரு பல்லை இழப்பதைவிட எப்போதும் குறைவே.

வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் கணக்கிட்டுச் சேமிக்கும் நம் சகோதரர்கள், உடலும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதமே என்பதை மறவாதிருப்பார்களாக. விடுமுறைக்கு இல்லம் நுழைந்து புன்னகைக்கும் தந்தையின் வாயில் பற்கள் முழுமையாய் இருப்பது, அவர் கொண்டுவரும் பெட்டியைவிடப் பிள்ளைகளுக்கு உவப்பானது.